பாவாடை கட்டிய பிள்ளை

ஊஞ்சலில் வேறு யாரோ வீட்டுப் பிள்ளை ஆடிக்கொண்டிருந்தது.

பூங்காக் கம்பத்து ரேடியோவில் மூன்று பாட்டுக் கேட்டுவிட்டுத் திரும்பிய வெங்கடலட்சுமி ஊஞ்சலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நாத்தனார் மகன் பிச்சையைக் காணவில்லை.

வீட்டுக்குள் கன்னடம் பேசும் அந்த நெசவுக் குடும்பத்துக்கு அவள் கல்யாணமாகி வந்து நான்கே மாதம். "கொஞ்ச நேரம் ஊஞ்சல்ல ஆட்டிட்டு வாரேன் மதினி" என்று கெஞ்சி அவள்தான் கூட்டி வந்தாள். நாத்தனார் சௌடம்மாளுக்கு முதல் இரண்டு ஆண் பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதுக்குப் பிச்சை என்று பேர் வைத்து, சடை பின்னி, பாவாடை கட்டிப் பெண்ணாகவே வளர்த்தார்கள். ஐந்து வயதில் கோயிலில் முடி இறக்கும்வரை வெளியில் யாரும் 'பையன்' என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. எமன் காதில் விழுந்துவிடுமாம்.

சறுக்கு மரத்தடியில் இல்லை. வாசகசாலையில் இல்லை. வேலியோரத்தில் வெள்ளைக்காரன் காலத்துக் கிணறு. மழை பொய்த்த வருஷம்; அடியில் கறுப்பாய்க் கொஞ்சம் தண்ணீர். எட்டிப் பார்த்துவிட்டு ரேடியோ அறைக்கு ஓடினாள்.

காவலாளி சீனிச்சாமி ரேடியோவை நிறுத்தி மைக்கை எடுத்தார்.

"பதறாதம்மா. ஆணா, பொண்ணா? சட்டுனு சொல்லு."

"பையன்... நாலு வயசுப் பையன்... பிச்சைன்னு பேரு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அதற்குள் ஒலிபெருக்கி அலறியது. "நாலு வயசுப் பையனைக் காணோம்!" தறியில் இருக்கும் மதினிக்கும் கேட்டிருக்கும். எமனுக்கும்.

"ஏலே, பாதாளக்கரண்டி கொண்டாங்கலே!" கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

கிணற்றுக்குள் அந்தக் கொக்கிக் கொத்து துழாவும் சத்தம். ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் கண்ணை மூடிக்கொண்டாள். சகதி. ஓட்டை வாளி. மறுபடியும் சகதி.

அவள் கணவன் ஜோதிலிங்கம் மூச்சிரைக்க ஓடி வந்தான். "என்ன உடுப்புன்னு சொன்னியா?"

"இல்லையே... மஞ்சப் பாவாடை."

சீனிச்சாமி தலையில் அடித்துக்கொண்டார். "அடி பாதகத்தி, பாவாடையா? சடை போட்ட பொண்ணு ஒண்ணு அழுதுக்கிட்டு நின்னுச்சு. பேரு கேட்டா கன்னடத்துல என்னமோ சொல்லுச்சு. பொம்பளைக பக்கம் நாந்தானே அனுப்பி வச்சேன்!"

செடிவேலிக்கு அப்பால், பெண்கள் பகுதியில், யாரோ ஒருத்தி மடியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தான் பிச்சை.

வெங்கடலட்சுமி அவனை வாரி எடுத்துக்கொண்டாள்.

"ஊரறியச் சொல்லிட்டேனே. மதினி மொகத்துல எப்படி முழிப்பேன்?"

"அக்காட்ட நான் பேசுறேன்."

"நீங்க பேசினா ஆச்சா? நாளைக்கு இவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தா?"

அவன் பிள்ளையின் வாயோரத்துப் பொரியைத் துடைத்துவிட்டான்.

பூங்கா வாசலுக்கே வந்துவிட்டாள் சௌடம்மாள். காலில் செருப்பில்லை. சேலையெங்கும் நூல் பிசிறு. பிள்ளையைப் பறித்து உச்சி முதல் உள்ளங்கால்வரை தடவினாள். வெங்கடலட்சுமி அடி விழக் காத்து நின்றாள்.

சௌடம்மாள் மஞ்சள் பாவாடையை இழுத்துச் சரிசெய்தாள். பிள்ளையை அவளிடமே நீட்டினாள்.

"நீயே தூக்கிட்டு வா. என் கை நடுங்குது, கீழ போட்டுருவேன்."