இரண்டாவது படிக்கட்டு

தீயணைப்பு நிலைய அதிகாரியைக் கட்டிக்கொண்டவள் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேனிலவுக்கு ஓட்டல் தேடக் கூடாது. தேடினால் என்னைப் போலத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவள். ரோம், ஃபிளாரன்ஸ், சியெனா, வெனிஸ் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதி அழித்த இத்தாலி ஊர்களை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் உண்டு. அங்கே இருக்கும் நாட்களிலாவது இந்த மனுஷன் எனக்கு மட்டும் புருஷனாக இருக்க வேண்டும். கல்யாண விருந்துக்கு நடுவிலேயே, மண்டபத்தின் பின்கதவு பூட்டியிருக்கிறது என்று சாவி தேடி எழுந்து போனவர் இவர். நான் காலி நாற்காலியோடு ஃபோட்டோவுக்குச் சிரித்தேன். இப்போதும் ஃபோன் அடித்தால் தட்டில் சாப்பாடு இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

என் விடுமுறையும் அவருடைய லீவும் சேர்ந்து வருவது அபூர்வம். அதனால் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த தேனிலவுக்கு இந்த வருஷம் நேரம் வந்தது. "மேடம், இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான் டிக்கெட்டைப் பிடிச்சு வெச்சிருக்க முடியும். ஓட்டலை முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க," என்று டிராவல் ஏஜென்ட் பெண் சொல்லிவிட்டாள். அதனால் காலையிலிருந்து சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ரோமில் ஓர் ஓட்டலைக் காட்டினேன். பழைய காலத்து வீடு, மர உத்தரம், ஜன்னல் முழுக்கப் பூச்செடி. அவர் கண்ணுக்குப் பூச்செடி தெரியவில்லை.

"ஒரே படிக்கட்டு. அதுவும் மரம். கீழயே சமையல்கட்டு," என்றார்.

"அதுல எத்தனையோ வருஷமா ஜனங்க தங்கிட்டுத்தானே இருக்காங்க?"

"இதுவரைக்கும் எரியல. அவ்வளவுதான்."

பீசாவின் சாய்ந்த கோபுரத்தைப் பார்த்து, "இதுக்குள்ள ஆளை வேற ஏத்துறாங்களா?" என்று அதிர்ந்து போனார். சரி, வெனிஸுக்கு என்ன குறை சொல்ல முடியும் என்று அதைத் திறந்தேன்.

"சுத்திச் சுத்தித் தண்ணி. இப்ப திருப்தியா?"

"தண்ணி இருந்தா ஆச்சா? வண்டி எப்படி உள்ள வரும்?"

அவர் மனதாரப் பாராட்டியது ஒன்றே ஒன்றைத்தான். ரோமின் அந்தப் பெரிய வட்ட அரங்கம். "எத்தனை வாசல் பாத்தியா! கட்டினவனுக்கு மூளை இருந்திருக்கு," என்றார்.

"உள்ள சண்டை போட்டவன் செத்துத்தான் வெளிய வந்தான்."

"பாக்க வந்தவன் பத்திரமா வீட்டுக்குப் போனான்ல?"

அத்தை டீயை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இவனாவது தேவலாம்மா. உன் மாமனார் தீப்பெட்டியை பீரோல வெச்சுப் பூட்டுவாரு. டீ போடணும்னா சாவி கேக்கணும்." மாமியார் எனக்காகப் பரிந்து பேசுகிறாரா, மகனுக்கு நற்சான்றிதழ் கொடுக்கிறாரா என்று புரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அணைக்க வேண்டியவர் பக்கத்திலேயே உட்கார்ந்து இன்னும் விசிறிக்கொண்டிருந்தார்.

சியெனாவில் நான் ஏற்கெனவே ஓர் அறை பதிவு செய்திருந்தேன். மத்தியானம் அந்த ஓட்டலிலிருந்து மெயில் வந்தது. மிகவும் வருந்துகிறார்களாம், எங்கள் பதிவை ரத்து செய்துவிட்டார்களாம்.

"ஏன்? நான் ஒண்ணுமே பண்ணலையே!"

அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "நான் ஒரு சந்தேகம் கேட்டு எழுதினேன்."

அவர் ஃபோனை வாங்கிப் பார்த்தேன். அவசரகால வெளியேறும் வழி எத்தனை, கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, உரிய ஆவணங்களுடன் பதில் அளிக்கவும் என்று எழுதி, கீழே பெயர், பதவி, துறை எல்லாம் போட்டிருந்தார். பாவம், ஓட்டல்காரன் தேனிலவு வேஷத்தில் எவனோ சோதனைக்கு வருகிறான் என்று பயந்திருப்பான்.

"பொண்டாட்டியோட போற ஊருக்கு இப்படியா எழுதுவாங்க?" என்று கத்தினேன்.

"எனக்கு வேற மாதிரி எழுதத் தெரியாதே," என்றார். அதில் நடிப்பு இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

சியெனாவை விட்டுத் தள்ளினேன். ரோமிலும் வெனிஸிலும் அவர் சொன்ன சிமெண்ட் கட்டடங்களுக்கே தலையாட்டினேன். ஆனால் ஃபிளாரன்ஸை விடுவதாக இல்லை. ஒரு பழைய மாளிகை, மூன்றாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் எதிரே பேராலயத்தின் செங்கல் நிறக் குவிமாடம். "இது இல்லேன்னா நான் எங்கயும் வரல," என்றேன்.

அவர் அந்த மாடியின் வரைபடத்தைத் தேடி எடுத்து, அச்சடித்து, சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"போகலாம். பின்னால ஒரு ரெண்டாவது படிக்கட்டு இருக்கு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. கழுத்தைக் கட்டிக்கொள்ளப் போனேன்.

"இரு, இதைப் பாரு," என்று தாளைத் திருப்பினார். "புகை வந்தா குனிஞ்சுக்கோ. வலது சுவரைத் தொட்டுக்கிட்டே போ. இந்தக் கதவு, இந்தப் படி. கீழ வாசல்ல நில்லு. திரும்பி உள்ள வராத."

சிவப்புக் கோடு ஒன்றுதான் இருந்தது.

"நீங்க?"

"நான் மத்த ரூமையெல்லாம் தட்டிட்டு வருவேன்."

தேனிலவுக்கும் இந்த மனுஷனை அந்த மாடி முழுவதற்கும் பங்கு போட வேண்டியிருந்தது. என் ஆத்திரம் அழுகையாக வந்தது. "அங்க நீங்க டூட்டில இல்ல. என்கூட இறங்குறேன்னு சொல்லுங்க."

அவர் சிவப்புப் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார்.

"பொய்யாவது சொல்லேன்யா!"

"சொன்னா நீ நம்பிடுவ."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "சரி. நீங்க இந்தப் பக்க ரூமைத் தட்டுங்க. எதிர்ப் பக்கத்தை நான் தட்டறேன்."

"உனக்கென்ன பைத்தியமா?" நாற்காலி பின்னால் சரிய எழுந்துவிட்டார். "புகைக்குள்ள போய் உனக்கு ஏதாவது ஆயிட்டா? நான் வெளிய வந்து என்னத்தைப் பண்ணுவேன்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். நான் வாசல்ல நின்னு என்னத்தைப் பண்ணுவேன்?"

அவர் நின்றபடியே என்னைப் பார்த்தார். நெருப்புக்குள் போகிறவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை. என் ஃபோன் அடித்தது, ஏஜென்ட் பெண்தான். இரண்டு பேருமே எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

"சரி," என்றார் கடைசியில், என் முகத்தைப் பார்க்காமல். "ரெண்டு பேரும் சேர்ந்தே இறங்கிடலாம்."

கல்யாணமாகி அவர் என்னிடம் சொன்ன முதல் பொய் அது. நான் நம்பவில்லை. ஏஜென்ட்டைக் கூப்பிட்டு இரண்டு டிக்கெட் போடச் சொன்னேன்.