கண்ணாடி அடுப்பு

கண் தெரியாத அக்காவுக்கு ஆசை ஆசையாய்க் கண்ணாடி அடுப்பு வாங்கி வந்த தம்பியை எதைக் கொண்டு அடிக்கலாம்? அக்காவின் மனதில் ஓடிக்கொண்டிருந்த கேள்வி அதுதான்.

அவள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்பவள். விழுந்து எழுந்தவர்களின் முழங்காலையும் தோளையும் பிடித்துவிட்டு நடமாட வைக்கிற பத்து விரல்கள்தான் அவளுக்குச் சோறு போடுகின்றன. பதினோரு வருடமாகத் தனியாக இருக்கிறாள், தானே சமைத்துச் சாப்பிடுகிறாள். அடுப்பில் திருகு இருந்தது. துணி துவைக்கும் மெஷினில் 'கடக் கடக்' என்று சுழலும் குமிழ் இருந்தது. ஐந்து கடக் திருப்பினால் வெள்ளை யூனிபார்ம், எட்டு என்றால் போர்வை. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவேண்டியதில்லை.

லீவில் வந்த தம்பி, அவள் டியூட்டிக்குப் போன நேரம் பார்த்து இரண்டையும் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டான். சாயங்காலம் வந்து தடவிப் பார்த்தாள். அடுப்பும் வழவழ, மெஷினும் வழவழ. எங்கே தொட்டாலும் ஒரே 'பீப்'.

"எல்லாமே டச், அக்கா. போன்ல ஆப் போட்டிருக்கேன். நான் ஆபீஸ்ல உக்காந்துகிட்டே உன் அடுப்பை அணைச்சிடுவேன்."

"என் அடுப்பை நீ எதுக்குடா அணைக்கணும்?"

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. கடைக்கு ஓடி, தொட்டால் மேடாகத் தெரிகிற ஸ்டிக்கர் வாங்கி வந்து பட்டனுக்குப் பட்டன் ஒட்டினான். அங்கேதான் கூத்து. ஸ்டிக்கரைத் தேடி விரல் போனாலே அழுத்திவிட்டதாக அடுப்பு எடுத்துக்கொண்டது. தேடுவதும் அழுத்துவதும் அந்தப் பாழாய்ப்போன கண்ணாடிக்கு ஒன்றுதான். 'போகப் போகப் பழகிடும்' என்றான் தம்பி. பழக வேண்டியது அவளாம்.

மறுநாள் காலை பால் வைத்தாள். பொங்கும் சத்தம் கேட்டு அணைக்கக் கை நீட்டினாள். விரல் முதலில் பட்ட இடம் சூட்டை இன்னும் கூட்டிவிட்டது. அடுத்துப் பட்ட இடத்தில் கொதிக்கக் கொதிக்கப் பால் வழிந்து நின்றது. வலது கையில் மூன்று விரல் நுனிகள் வெந்துபோயின.

தம்பி ஓடிவந்து ஒரே தொடலில் அணைத்தான். மருந்து தடவினான், கட்டும் போட்டான். அதோடு வாயை மூடியிருந்தால் தப்பித்திருப்பான்.

"இதுக்குத்தான் சொல்றேன். இனிமே நீ தனியா இருக்கறது சரிப்படாது. எங்களோட வந்துடு. இல்லேன்னா சமைக்கறதுக்கு ஒரு ஆள் வெச்சிடறேன்."

அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதன் முன்னால் விரல் எரிச்சல் ஒன்றுமே இல்லை. ஒரு வாரத்துக்கு எந்த நோயாளியையும் தொட முடியாது, அதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். கையைச் சுட்டுவிட்டு, சுட்ட கையையே சாட்சிக்கு அழைக்கிறானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"நீ வர்ற வரைக்கும் இந்த வீட்ல கண்ணு தெரியாதவ யாரும் இல்லடா. நீதான் ஒருத்தியைக் கொண்டாந்து விட்டிருக்க. இப்ப அவளுக்கு ஆள் வேற வெக்கறியா?"

"உனக்கு நல்லதுன்னு நெனச்சுத்தானே அக்கா..."

"நெனச்ச. கேட்டியா?"

அவன் மீதிக் கட்டுத்துணியைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"திருகற அடுப்பு, திருகற மெஷின். இப்பவே போய் வாங்கிட்டு வா. அந்த ஆப்பை அழிச்சுட்டுப் போ. அடுப்பு வர்ற வரைக்கும் இங்க யாருக்கும் சோறு கிடையாது. உனக்கும்தான்."

தம்பி எழுந்து போனான். வாசலில் அவன் அங்குமிங்கும் நடப்பதும், எதையோ நகர்த்திப் பார்ப்பதும் அவளுக்குக் கேட்டது. செருப்பைத் தேடுகிறான்.

"கதவுக்கு இடப்பக்கம், கீழ்த்தட்டுல," என்றாள். "நேத்து நீ கண்ட இடத்துல கழட்டிப் போட்டதை நான்தான் எடுத்து வெச்சேன்."