ஓரெஸ்ட் விட்ட ஒரு புள்ளி

என் புருஷன் ஓரெஸ்ட் ஹ்னாடியுக்கைக் கோழை என்று இன்றைக்கும் எவனாவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பகலெல்லாம் தானியக் கிடங்கில் ஏணி ஏறி இறங்கிவிட்டு, சாயங்காலம் உறைபனியில் பயிற்சிக்குப் போய், பத்து வருஷம் இந்த ஊர் அணிக்குக் கால்பந்து ஆடிய மனுஷன். எங்கள் ஊர்க் கால்பந்தில் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டும் ஓடலாம்; எதிரணி உதைக்கிற பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவது அவர் வேலை. அந்தக் காலத்து விதிப்படி, அவருக்கு முன்னால் போய் எதிராளியை மறித்துக் காப்பாற்றச் சொந்த அணிக்காரனுக்கும் அனுமதி இல்லை. வருகிறவன் எல்லாம் அவர் மேல்தான் விழுவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் வலது முழங்கால் வீங்கிவிட்டது. இன்னொரு அடி பட்டால் கால் மடங்காது என்றார் டாக்டர். மடங்காத காலோடு ஏணி ஏறுவது எப்படி? வீட்டில் மூன்று பிள்ளைகள்.

இறுதி ஆட்டத்தன்று காலையில் முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏய்யா, பந்து நம்ம கோல் கோட்டுக்குப் பின்னால விழுந்தா என்ன பண்ணுவே?”

“எடுத்துக்கிட்டு கோட்டைத் தாண்டி வெளிய ஓடணும்.”

“ஓடலேன்னா?”

“அவனுங்களுக்கு ஒரு புள்ளி.”

“போய்த் தொலையட்டும். பந்தோட அங்கேயே மண்டி போட்டுடு, அப்புறம் எவனும் மேல விழ மாட்டான். பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணு.”

“ஒரு புள்ளியில தோத்தோம்னா ஊரே என்னை உரிச்சு உப்புக்கண்டம் போட்டுடும்டி, ஸ்டெஃபா.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சத்தியம் பண்ணினார்.

கடைசி உதை வரைக்கும் இரண்டு அணியும் சமம். எதிரணிக்காரன் இரண்டு கம்பத்துக்கு நடுவே குறிவைத்து உதைத்தான், குறி தவறியது. பந்து கோட்டுக்குப் பின்னால் நேராக ஓரெஸ்ட் கைக்கு வந்தது. “ஓடுடா! ஓடு!” என்று ஊரே எழுந்து நின்று கத்தியது. என் பக்கத்தில் பாதிரியார் தொப்பியைக் கழற்றி வீசினார். இடது பக்கம் ஆளில்லாமல் கிடந்தது. அது எனக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியாதா? இரண்டடி ஓடினார். நின்றார். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மண்டியிட்டார்.

அந்த ஒரு புள்ளியில் தோற்றோம். உடைமாற்றும் அறையில் ஒருவன்கூட முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அடுத்த கோடையில் அணியிலிருந்து கூப்பிடவும் இல்லை. கிடங்கு ஏணியில் மட்டும் கிழவனாகிற வரைக்கும் ஏறினார்.

அன்றைக்கு ஆட்டம் முடிந்து வந்தவருக்குச் சூடாக முட்டைக்கோஸ் சூப் வைத்தேன்.

“கால் வலிக்குதாய்யா?”

“கால்ல வலியே இல்லடி” என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் பார்க்கப் பார்க்க அழுதார்.