மேனேஜர் உட்கார்ந்தார்

"அந்த வீட்டுக்கார அம்மா ஆளைப் பாத்து வாடகைக்கு விடறதில்ல சார். தெரு நாய் மூணும் ஒத்துக்கணும்," என்றார் தரகர். அந்த மூன்றும் யாருக்கும் சொந்தமில்லை, தெரு முழுக்க அவற்றின் காவல்தான். முன்பு வீடு பார்க்க வந்த நாலு பேரை அவை தெருமுனை வரை விரட்டியடித்த கதையையும் ரசித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

எனக்கு அந்த வீடு வேண்டும். என் மனைவி நர்ஸ். அவளுடைய ஆஸ்பத்திரி அடுத்த தெருவிலேயே இருக்கிறது. இப்போது இரண்டு பஸ் மாறிப் போய், கால் வீங்கித் திரும்பி வருகிறாள். மூன்று நாய்களுக்குப் பயந்து விட்டுவிட நான் என்ன இளிச்சவாயனா?

ஒரு வாரம், ஆபீஸ் விட்டதும் ஓவர்டைம் என்று வீட்டுக்குப் போன் செய்துவிட்டு, பிஸ்கட் பொட்டலத்தோடு அங்கே போனேன். முதல் நாள் மதில்மேல் ஏறி நின்றுதான் வீசினேன். மூன்றாம் நாள் கையிலிருந்தே வாங்கிக்கொண்டன. தொந்தி சரிந்த பழுப்பு நாய்க்கு எங்கள் ஆபீஸ் மேனேஜரின் அதே முறைப்பு, அதனால் அதற்கு மேனேஜர் என்றே பெயர் வைத்தேன். உட்கார்ந்தால்தான் பிஸ்கட் என்று மூன்றையும் பழக்கினேன். ஆபீசில் அவர் சொல்லி நான் உட்காருவேன். இங்கே நான் சொல்லி அவர் உட்கார்ந்தார். அந்தச் சுகமே தனி.

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போனோம். வீட்டுக்கார அம்மா இடுப்பில் கைவைத்து வாசலில் நின்றிருந்தார். நாய்கள் என்னைச் சுற்றிவந்து வாலாட்டின. நான் எதுவும் தெரியாதவன்போல முகத்தை வைத்துக்கொண்டேன். பின்னால் வந்த என் மனைவியைக் கண்டதும் மூன்றும் குரைத்துக்கொண்டு பாய்ந்தன. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"டேய் மேனேஜர்! உக்காரு!"

மூன்றும் உட்கார்ந்தன. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"இந்தத் தெருவுல உங்களுக்கு என்ன பழக்கம்?" என்றார் வீட்டுக்கார அம்மா. திருடனைப் பார்க்கிற பார்வை.

"ஒரு வாரமா ஓவர்டைம்னு சொன்னீங்களே?" என்றாள் என் மனைவி. அது அதைவிட மோசமான பார்வை.

உண்மையைச் சொன்னால் வீடு போகும், மறைத்தால் குடும்பமே போகும். மிச்சப் பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டி, எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

அந்த அம்மா நாய்களைத்தான் முறைத்தார். "ஆறு வருஷமா சோறு போடறேன். ஒரு நாளாவது நான் சொல்லி உக்காந்திருக்குமா? நன்றி கெட்டதுங்க!" பிறகு சாவியை நீட்டினார். "வந்துடுங்கப்பா. எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மனைவியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நாய்ங்களுக்கு ஒரு வாரமா பிஸ்கட் வாங்கிட்டு ஓடியிருக்கீங்க. கால் வலிக்குதுன்னு நான் வந்து விழுந்தப்ப, ஒரு நாளாவது வெந்நீர் வெச்சுக் குடுத்தீங்களா?"

வெட்கமாகிவிட்டது எனக்கு. இல்லை என்று தலையாட்டினேன். சாவியை அவளே வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.