புரதம் இருக்க வேண்டும்

1

இந்தக் கதை ஒரு சொல்லால் வந்த வினை. அந்தச் சொல்லை எழுதியவன் பக்தவச்சலம். செங்கல்பட்டில் ஒரு பெண் டாக்டரின் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் குமாஸ்தா. அவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் கண்டுபிடித்துப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். ஆனாலும் 'அவன்' என்றே எழுதப் போகிறேன். திட்டுவதற்கு அதுதான் வசதி.

முதல் ஆரம்பம்: '1974-ஆம் வருஷம், கடப்பாக்கம் கடற்கரையில் அலைகள்...' வேண்டாம். அலை அதன் பாட்டுக்கு அடிக்கட்டும்.

இரண்டாவது ஆரம்பம்: 'ஆதியம்மாளுக்குப் பிள்ளை வேண்டும்.' இதுவே போதும்.

2

ஆதியம்மாள் கடப்பாக்கத்து மீன்காரி. புருஷன் காத்தவராயன் பிடித்து வருவதைக் கூடையில் சுமந்துபோய்க் கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் விற்பவள். கல்யாணமாகி ஒன்பது வருஷம். அடுத்த வீட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்தால் இறக்கிவிட மனசு வராது. அதன் அம்மா வந்து கையை நீட்டும்வரை யாரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். (இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்து மூன்று முறை எழுதினேன்.)

டாக்டர் வரலட்சுமி எடை பார்த்தார். எழுபத்தெட்டு கிலோ. "பத்து கிலோ குறைச்சா தானா உண்டாகலாம்மா," என்றார். பிறகு வெளியே வந்து பக்தவச்சலத்திடம், "சோத்தைக் குறைக்கச் சொல்லுங்க. ஆனா ப்ரோட்டீன் நாளைக்கு அறுபது கிராம் இருந்தே ஆகணும். இல்லேன்னா கொழுப்போட சதையும் கரைஞ்சு போயிடும். புரியற மாதிரி எழுதிக் குடுங்க," என்றார்.

புரிகிற மாதிரி என்றால் என்ன எழுதியிருக்க வேண்டும்? மீன் கூட ரெண்டு துண்டு தின்னு, முட்டை தின்னு, ஒரு கை பயறு அவித்துத் தின்னு. அவ்வளவுதான். பக்தவச்சலத்துக்கு அப்போது நல்ல தமிழ்ப் பைத்தியம். எழுதினான்:

சோறு குறைக்கவும் தினமும் அறுபது கிராம் புரதம் இருக்க வேண்டும்*

* 'குறைக்கவும்' என்பதற்குப் பிறகு ஒரு முற்றுப்புள்ளி வர வேண்டும். மடையன் வைக்கவில்லை.

3

ஆதியம்மாளுக்கு எழுத்து தெரியாது. ஊருக்குத் திரும்பியதும் நைனா முகம்மதுவின் மளிகைக் கடையில் சீட்டை நீட்டினாள்.

"இன்னா பாய் போட்டுக்கீது?"

"சோறு தினமும் அறுபது கிராம். அப்பால... புரதமா? அப்டி ஒண்ணும் கெடையாதே. விரதம்னு எழுதப் போயி கை கோணிக்கினு பூட்ச்சு. விரதம் இருக்கணுமாம் ஆதி. எங்க நோன்பு மாதிரி."

"அதான் பாய், எங்கம்மாவும் அதையே சொல்லிக்கினு கீது."

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிள்ளை இல்லாதவளை விரதம் இருக்கச் சொல்வது புதிதா என்ன? பாய் தராசில் ஐம்பதும் பத்தும் வைத்து அரிசி நிறுத்துக் காட்டினார். அன்றிலிருந்து அந்த அளவுக்குக் கஞ்சி காய்ச்சி, ஒரு வேளை குடித்தாள். விரதமென்றால் கவிச்சி ஆகாது. கூடை நிறைய மீனைத் தலையில் சுமந்து வீடு வீடாக நடந்தவள், ஒரு துண்டு வாயில் வைக்கவில்லை. நெத்திலிக் குழம்பு கொதிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"உப்பே இல்லடி," என்றான் காத்தவராயன்.

"நீயே போட்டுக்க மாமா. நா எப்டி வாயில வச்சுப் பாக்கறது?"

"இன்னாத்துக்கு இப்டி எளச்சுக்கினே போற? புள்ளையே வாணாம். நீ துன்னு."

அன்று முழுக்க அவள் அவனோடு பேசவில்லை.

(இங்கே அவளுடைய பசியைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. வயிறாரச் சாப்பிட்டுவிட்டு எழுதியது. கிழித்துவிட்டேன்.)

4

மூன்றாம் மாசம் செங்கல்பட்டுக்கு வந்தாள். பக்தவச்சலத்துக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. அறுபத்திரண்டு கிலோ. கன்னம் ஒட்டி, முன்மண்டையில் முடி கொட்டியிருந்தது. ஆனால் அந்த முகத்தில் இருந்த சந்தோஷம்... (இரண்டு நாள் சொல் தேடினேன். அகப்படவில்லை.)

"ரெண்டு மாசமா தலைக்கு ஊத்திக்கல சார்," என்றாள், குரலைத் தணித்து. "நின்னு பூட்ச்சு. எல்லாம் உன் சீட்டுதான் சார்." சீட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"தினம் என்னம்மா சாப்பிட்டே?"

"நீ போட்டபடிதான். அறுபது கிராம் அரிசி, விரதம். ஒரு பருக்கை ஜாஸ்தி இல்ல."

ஆறு வருஷம் அந்த ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும், பட்டினி கிடந்தாலும் நின்றுபோகும்.

5

முடிவு அ: டாக்டர் சிரித்துக்கொண்டே, "ஆமாம்மா," என்கிறார். எழுதிப் பார்த்தேன். அழுகை வந்தது. பத்திரிகைக்காரர்களுக்கும் பிடிக்கும்.

முடிவு ஆ: டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஆதியம்மாளின் தோளில்

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். டாக்டரைப் பார்க்க அவளுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அந்த இடைவெளியை மட்டும் சொல்கிறேன்.

"இனிமே விரதம் வேணாம்மா," என்றான் பக்தவச்சலம். "மீன் தின்னு. இன்னைக்கே தின்னு. நிறையத் தின்னு."

அவள் வெட்கப்பட்டு, முந்தானைக்குள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"எனக்கா சார், புள்ளைக்கா?"

அவன் ஏதோ சொன்னான். ஐந்து வருஷமாக அந்த பதிலை மாற்றி மாற்றி எழுதிப் பார்க்கிறேன். எதுவும் சரியில்லை. நீங்கள் என் நாற்காலியில் உட்காருங்கள். அவள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சொல்லுங்கள்.