சின்னமணி ஜூன் முப்பதாம் தேதி இறந்தார்

எம்.காம். தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, பாடப் புத்தகத்தின் முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்த மூன்று கூட்டாளிகளும் தெய்வானையின் வீட்டு மாடிக்குக் குடிவந்தார்கள். அழகர், போஸ், சின்னமணி. இலாபம் பிரிக்கிற விகிதம் மூன்றுக்கு இரண்டுக்கு ஒன்று. மாடியில் ஆறு ஜன்னல்கள் இருந்தன. அழகர் மூன்றை எடுத்துக்கொண்டார், போஸ் இரண்டை, சின்னமணி ஒன்றை. தெய்வானையின் மதினி மூன்று மாத அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும் என்று சொல்லிவிட்டாள்.

தெய்வானைக்கு இருபத்தொன்பது வயது. மதுரையில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக வேலை பார்த்தாள். எம்.காம். முடித்தால் பிளஸ் டூவுக்கு வணிகவியல் எடுக்கலாம், வேலையும் நிரந்தரம் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். மற்ற எல்லாத் தாளிலும் தேறிவிட்டாள். கணக்கியல் தாள் ஒன்றுதான் பாக்கி. அதில் மூன்று முறை உட்கார்ந்து மூன்று முறையும் கோட்டை விட்டிருந்தாள். பழைய பாடத்திட்டத்துக்கு இதுதான் கடைசித் தேர்வு. இதிலும் போனால் இரண்டு வருடப் படிப்பும் போச்சு.

அந்தத் தாளில் இருபதாவது கேள்வி மட்டும் மாறவே மாறாது. முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக் கணக்குதான் வருடா வருடம் வரும். மூன்று கூட்டாளிகள் கடை நடத்துகிறார்கள். ஜூன் முப்பதாம் தேதி சின்னமணி இறந்துவிடுகிறார். அவருக்குச் சேர வேண்டியதைக் கணக்கிட்டு, வாரிசுகள் கணக்குக்கு மாற்றி, புதிய பேலன்ஸ் ஷீட் போட வேண்டும். இருபது மதிப்பெண். அதற்குக் கீழே ‘அல்லது’ என்று போட்டு இன்னொரு கேள்வியும் இருக்கும். அதை எழுதப் போனவர்கள் திரும்பி வரவில்லை என்று வகுப்பில் பேச்சு.

தெய்வானை தினமும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் பென்சிலால் போட்டுப் பார்ப்பாள். பேலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் சமமாகும் நேரத்தில் மாடியில் சின்னமணி இறந்துபோவார். அழகரும் போஸும் இறங்கி வந்து தலைமுழுக வாளி இரவல் கேட்பார்கள். மறுநாள் காலையில் சின்னமணியே வாளியைக் கொண்டுவந்து திருப்பிக் கொடுப்பார். கழுவித்தான் கொடுப்பார். மற்ற இருவருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது.

ஒன்பதாம் நாள் காலையில் வாளியைக் கொடுத்துவிட்டு அவர் போகாமல் நின்றார். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் சீப்பு வைத்திருந்தார்.

“தாயி, ஒரு விசயம் கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?”

“கேளுங்கண்ணே.”

“பென்சில்ல செத்தா விடிஞ்சதும் எந்திரிச்சிர்றேன். பேனாவுல செத்தா எப்படி?”

தெய்வானை யோசித்தாள். “மூணு தடவை பேனாவுலதானே பரீட்சை எழுதுனேன். நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?”

“மூணு தடவையும் உனக்கு டேலி ஆகலையே. டேலி ஆகாட்டி சாவு செல்லாது. நீ மக்குப் பொண்ணா இருந்த வரைக்கும் எனக்கு ஒரு கவலையும் இல்ல தாயி. இப்பத்தான் நீ தேறிட்டியே.”

இத்தனை வருடத்தில் அவள் கணக்கை ஒருவர் பாராட்டியது இதுதான் முதல் தடவை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டதற்கு உடனே வெட்கமாகவும் இருந்தது.

“ஒங்க வாரிசுக யாருண்ணே?” என்று பேச்சை மாற்றினாள்.

“எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் பணம் அவுகளுக்குத்தான் போகுது. ஒருத்தரும் வந்து எட்டிப் பாத்ததில்ல.” சின்னமணி சீப்பை எடுத்து, சீவாமல் திரும்ப வைத்துக்கொண்டார். “அது கெடக்கட்டும். ஜூன் முப்பதோட எனக்கு முடிஞ்சு போகுது. ஜூலைன்னு ஒண்ணு இருக்குங்கிறாங்களே, அது எப்படி தாயி இருக்கும்?”

தெய்வானை வாளியைக் கீழே வைத்தாள். “சுமாராத்தாண்ணே இருக்கும். காத்தடிக்கும்” என்றாள்.

“காத்தடிச்சா நல்லதுதானே” என்றார் அவர்.

அன்றே இருவரும் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். தேர்வுப் பிரிவு எட்டாம் எண் அறை. ஏழாம் எண் அறையைத் தாண்டியதும் ஏழு-அ வந்தது. பிறகு ஏழு-ஆ. அவர்கள் நடக்க நடக்க அறைகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் உட்கார்ந்து, அடுத்ததுதான் எட்டு என்று அன்பாகச் சொன்னார். ஏழு-ஔ தாண்டிய பிறகு எட்டு கிடைத்தது. சின்னமணிக்கு மூச்சு வாங்கியது.

உள்ளே ஓர் அம்மாள் முத்திரைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

“மேடம், இருபதாவது கேள்வியில இவரு சாகக் கூடாது. அதுக்கு மனுக் கொடுக்கணும்.”

“பதினாலாம் நம்பர் ஃபாரம். இறந்தவர் கையெழுத்து வேணும்.”

“இவருதான் மேடம் அவரு. நேர்லயே வந்திருக்காரு.”

அம்மாள் சின்னமணியை மேலும் கீழும் பார்த்தார். “உயிரோட இருக்காரே?”

“ஆமா மேடம்.”

“அப்பச் செல்லாது. இறந்ததுக்கப்புறம் வரச் சொல்லுங்க. மூணு மணிக்குள்ள வரணும்.”

“ரொம்ப நன்றிங்க மேடம்” என்று சின்னமணி கும்பிட்டார். திரும்பி வரும்போது தாழ்வாரம் நாலு எட்டில் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் தெய்வானை முந்நூற்றுப் பதிமூன்றாம் பக்கத்தைத் திறந்தாள். அங்கேதான் ‘அல்லது’ இருந்தது. ஒரு கப்பல் நிறுவனத்தின் கணக்கு. ஆண்டு முடிகிற அன்று கப்பல் பயணம் முடியாமல் நடுக்கடலில் நிற்கிறது. சாயங்காலம் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பல் நகரவில்லை. சரக்கு நனைகிற வாடை மட்டும் வந்தது. மதினி வந்து, புத்தகத்தை மூடு, வீடெல்லாம் உப்பு வாடை அடிக்கிறது என்றாள்.

ஜூன் முப்பதாம் தேதி தேர்வு. மற்றவர்களின் புத்தகங்களில் வேறு சின்னமணிகள் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றிக் கவலைப்படத் தெய்வானைக்கு நேரமில்லை. தன் சின்னமணியைப் பற்றிய கவலையே அவளுக்குப் போதுமாக இருந்தது.

கல்லூரியில் வெள்ளையடிப்பதால் தேர்வை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். வாசலில் அழகரும் போஸும் ஒரு பெரிய ரோஜா மாலையோடு நின்றார்கள்.

“எத்தன மணிக்கு முடியும்மா?” என்று கேட்டார் அழகர்.

“ஒரு மணிக்கு.”

“வெள்ளனவே முடிச்சா நல்லது. பூ வாடிரும்” என்றார் போஸ்.

உள்ளே மாணவர்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். கண்காணிப்பாளர்கள் வாளியோடு வரிசையில் நடந்து, “ஷீட் வேணுமா, ஷீட்?” என்று கேட்டுக் கேட்டுக் கூடுதல் தாள் பரிமாறினார்கள். போதும் என்றவர்களுக்கும் ஒன்று வைத்துவிட்டுப் போனார்கள். தெய்வானை பத்தொன்பது கேள்விகளை முடித்தாள். எவ்வளவு தாராளமாகப் போட்டாலும் முப்பத்திரண்டுக்கு மேல் வராது என்று அவளுக்கே தெரிந்தது. தேற ஐம்பது வேண்டும். இருபதாவது கேள்வியில் குறைந்தது பதினெட்டு கிடைத்தால்தான் உண்டு.

ஒவ்வொரு வரியாக எழுதினாள். கடையின் நற்பெயருக்கு விலை போட்டாள். கட்டடத்தின் விலையை ஏற்றினாள், மரச்சாமான்களின் விலையை இறக்கினாள். எல்லாம் அட்சர சுத்தமாக வந்தது. கை தானாகப் போனது. ஒரு தப்புக் கூட வரவில்லையே என்று முதல் தடவையாகப் பயந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே சின்னமணி நின்றார். சலவை வேட்டி கட்டி, தலையைப் படிய வாரியிருந்தார். யாருக்கும் சிரமம் வைக்கக் கூடாது என்று குளித்துவிட்டே வந்திருந்தார்.

“எழுது தாயி” என்றார் மெதுவாக. “ஒன் வேலை முக்கியம். எனக்கென்ன, பழகுனதுதானே.”

தெய்வானைக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இந்த மனுஷனை எதற்காக ஒவ்வொரு வருடமும் சாகடிக்கிறார்கள்? மாற்றிப் போட்டால் கணக்கென்ன முழுகியா போய்விடும்?

கணக்கு முழுகாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கூட்டாளி இறந்தாலும் அதே கணக்குதான், கூட்டாளி தானாக விலகிக்கொண்டாலும் அதே கணக்குதான். அதே நற்பெயர், அதே மறுமதிப்பீடு, அதே தொகை. கடைசி வரி ஒன்றுதான் வேறு. இறந்தவர் பணம் வாரிசுகள் கணக்குக்குப் போகும். விலகியவர் பணம் அவர் பெயரிலேயே கடன் கணக்கில் நிற்கும், கடை அவருக்குத் தவணையில் திருப்பிக் கொடுக்கும். பேலன்ஸ் ஷீட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்குத் தொகை சரியாக இருந்தால் போதும், ஆள் இருக்கிறாரா இல்லையா என்று அது கேட்பதில்லை.

தப்புக்கு இரண்டு மதிப்பெண் போகும். இரண்டுதான் போக வேண்டும். மூன்று போனால் அவள் தொலைந்தாள்.

பேனாவை அழுத்திப் பிடித்து, ‘சின்னமணி விலகினார்’ என்று எழுதினாள். தொகையைச் சின்னமணி கடன் கணக்குக்கு மாற்றினாள். இரண்டு பக்கத்தையும் கூட்டினாள். டேலி ஆனது.

கண்ணை மூடிக்கொண்டு பத்து வரை எண்ணினாள். திறந்தபோது சின்னமணி அங்கேயே நின்று, ஒரு காலைத் தூக்கி மறு காலைச் சொறிந்துகொண்டிருந்தார். தெய்வானைக்கு உடம்பெல்லாம் லேசானது. இரண்டு வரி கோணலாகப் போனதைக் கூட அவள் திருத்தவில்லை.

வாசலில் அழகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சு. ஆனா சாகலை. விலகிட்டாரு.”

போஸுக்கு முகம் தொங்கிப் போனது. “மாலைக்குச் சொல்லி வாங்கியாச்சேம்மா.”

“விலகுறவங்களுக்கும் மாலை போடுவாங்கண்ணே. எங்க ஸ்கூல்ல போடுறாங்க.”

இருவரும் தனியாகப் போய்ப் பேசினார்கள். விகிதப்படிதான் பேசினார்கள் போல, அழகர்தான் அதிகம் பேசினார். பிறகு வந்து மாலையைச் சின்னமணிக்குப் போட்டு, அவர் சேவையைப் பாராட்டி ஆளுக்கு நாலு வார்த்தை சொன்னார்கள். சின்னமணி மாலையைக் குனிந்து குனிந்து பார்த்தார். நின்றபடி மாலை வாங்குவது அவருக்குப் புதிது.

மறுநாள் ஜூலை வந்தது. காற்று அடித்தது. சின்னமணி தன் ஒரே ஜன்னலைத் திறந்து வைத்து அந்த மாதம் முழுக்கப் பார்த்தார். மோசமில்லை என்றார்.

ஆகஸ்டில் தேர்வு முடிவு வந்தது. கணக்கியலில் ஐம்பது. தெய்வானை நம்பவில்லை. விடைத்தாள் நகலுக்கு எழுதிப் போட்டு வரவழைத்தாள். கடைசிப் பக்கத்தை மட்டும் ஓரத்திலிருந்து மெதுவாகப் பிரித்தாள். திருத்தியவர் சிவப்பு மையில் ‘விலகினார்’ என்பதை அடித்து ‘இறந்தார்’ என்று எழுதியிருந்தால் என்ன செய்வது? அதுவும் பேனாதானே.

அடிக்கவில்லை. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டு, இரண்டு மதிப்பெண் குறைத்திருந்தார். அதன் கீழே பொடி எழுத்தில், ‘சரி, போகட்டும்’ என்று எழுதியிருந்தார். தெய்வானை நகலை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, முகம் தெரியாத அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார நினைத்தாள்.

பள்ளியில் நிரந்தர வேலைக்கான உத்தரவு கையில் கிடைத்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அழகரும் போஸும் முதல் தவணையைச் சின்னமணியிடம் கொடுத்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே கடைக்குப் போனார்கள். சின்னமணி மாடிப்படியில் இறங்கி வந்தார். கடைசிப் படியில் தெய்வானை சும்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம் இல்லை.

“தாயி, இன்னைக்கு எனக்கு என்ன வேலை?”

“ஒரு வேலையும் இல்லண்ணே.”

“மத்தியானத்துக்கு மேல?”

“அப்பவும் இல்ல.”

“சாகற வேலை?”

“அதுவும் இல்ல. இனிமே அது வயசாகி வர்றப்ப வரும், எல்லாருக்கும் போல.”

சின்னமணி சிறிது நேரம் தெருவைப் பார்த்தார். பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “அப்பாடா” என்றார். தெய்வானை சொல்ல வாயெடுத்ததும் அதையேதான்.