சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம்

ஏரியூர் அரசுப் பள்ளியில் கணக்கு நடத்தும் நவநீதன் இரண்டு வருடமாக யாருடனும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. விழுங்கிய சோறு பத்து நிமிடத்துக்குள் வாய்க்குத் திரும்பி வந்துவிடும். குமட்டல் இல்லை, புளிப்பு இல்லை, வலியும் இல்லை. மறுபடி மென்று விழுங்குவார், முடியாதபோது துப்புவார். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு தொடங்கியது. பதினோரு கிலோ இறங்கிவிட்டார்.

எண்டோஸ்கோபியில் ஒன்றுமில்லை. வயிற்று மருத்துவர் அவரைத் தர்மபுரியில் இருக்கும் மனநல ஆலோசகர் சகாயமேரியிடம் அனுப்பினார். நவநீதனுக்குக் கோபம். மனைவி சுகுணாதான் விடாமல் கூட்டிப்போனாள்.

"எனக்குப் புத்தி நல்லாத்தாங்க இருக்குது" என்றார் உட்கார்ந்ததுமே.

"நல்லாத்தான் சார் இருக்குது. சாப்பிட்டதும் வயித்துச் சதை உங்களுக்கே தெரியாம இறுகுது, சோறு மேல வருது. அது ஒரு பழக்கமா ஆயிடுச்சு. மாத்திப் பழகலாங்க."

சுகுணா கொண்டுவந்திருந்த இட்லியை அங்கேயே சாப்பிடச் சொன்னார் சகாயமேரி. பிறகு ஒரு கையை நெஞ்சிலும் மற்றதை வயிற்றிலும் வைக்கச் சொன்னார்.

"மூச்சு இழுக்கறப்போ மேல் கை அசையக் கூடாது. கீழ் கை எழும்பணும். வயிறு அப்படி விரியறப்போ இறுக முடியாதுங்க."

ஐந்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. ஆறாவதில் கொஞ்சம் வந்தது. ஆனால் அந்த ஐந்து நிமிடம் அவருக்குப் புதிது.

சகாயமேரி வீட்டுக்கு ஒரு நோட்டும் கொடுத்தார். ஒவ்வொரு வேளையும் சாப்பிடுமுன், 'வந்துவிடும்' என்று நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறார் என்று எழுத வேண்டும். பிறகு நடந்ததை எழுத வேண்டும். இரண்டு வாரம் கழித்து நவநீதன் அதைப் புரட்டிப் பார்த்தார். நம்பியது எல்லா நாளும் நூறு. வந்ததோ பாதி வேளைதான். அவர் அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலதிகாரிகள் பள்ளியைப் பார்வையிட வந்த வாரம் எல்லாம் கெட்டது. மூன்று நாள், மூன்று வேளையும் வந்தது. "விட்டுடலாம் சுகுணா" என்றார்.

"அப்ப நோட்டுல அதையும் எழுதுங்க" என்றாள் அவள். எழுதினார்.

மறுவாரம் டிபன் பாக்ஸோடு ஆசிரியர் அறைக்குப் போனார். "எனக்கு ஒரு பிரச்சனைங்க. சாப்பிட்டா மேல வந்துடும். வைத்தியம் பாத்துக்கிட்டிருக்கேன். சாப்பிட்டு பத்து நிமிஷம் பேச மாட்டேன், மூச்சுதான் விட்டுக்கிட்டிருப்பேன். தப்பா நெனைக்காதீங்க."

தமிழாசிரியர் சென்னப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க சார். அந்தப் பத்து நிமிஷம் நான் பேசறேன். இங்க எவனும் காது குடுக்கறதில்ல."

நவநீதன் சிரித்துவிட்டார். அன்று ஒரு வாய் வந்தது. மறுநாள் வரவில்லை.

நாலு மாதமாகிறது. பதற்றமான நாளில் இப்போதும் வரும். வயிற்றில் கை வைத்துக்கொள்வார். மூன்று கிலோ ஏறியிருக்கிறார். போன ஞாயிறு சுகுணாவுடன் ஒகேனக்கல் போனார். கடை வாசலில், கூட்டத்துக்கு நடுவே நின்று வறுத்த மீன் தின்றார். "இன்னொரு மீன் சொல்லட்டுங்களா?" என்றாள் சுகுணா. அவர் சரி என்று தலையாட்டினார்.